மலிவு லப்டொப்: மலிவாகச் செய்ததும் மலிவாகிப் போனதும்

2017 தை மாதம் உயர்தர முடிவுகள் வந்தன. எனக்குக் கம்பஸ் கிடைக்கும் என்று தெரிந்த கிழமையே அம்மா தன்ர சீட்டைக் கழிவில எடுத்தா. லப்டொப் இல்லாமல் கம்பஸில படிக்கேலாது எண்டு ஆரோ அவவுக்குச் சொல்லியிருந்தினம். வவுனியா ரவுணில் ஒரு கடைக்குப் போனோம். எங்களிடம் இருந்தது நாற்பதாயிரம் ரூபா.

அந்தக் காசுக்குக் கடைக்காரர் இரண்டு சாமான்களைக் காட்டினார். ஒன்று பெட்டி பிரிக்காத புது லப்டொப். 11 அங்குலத் திரை, நீல நிறம், தூக்கினால் ஒரு கொப்பிக் கட்டளவு பாரம். மற்றது ஏதோ வெளிநாட்டு அலுவலகத்தில் பாவித்துக் கழித்த ஒரு தடித்த கறுப்பு லப்டொப். மூடியில் கீறல், கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்து போய். அம்மா இரண்டாவதைத் தொட்டும் பார்க்கவில்லை. "ஆரோ பாவிச்சது வேண்டாம். பிள்ளை முதன்முதலா வாங்கிறது, புதுசா இருக்கட்டும்" எண்டா. 38,500 ரூபா கொடுத்து நீலத்தை வாங்கி வந்தோம். 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு. இந்த இரண்டு எண்களுக்கும் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்குமே அன்றைக்குத் தெரியாது.

முதல் ஆறு மாதம் அது எனக்குச் செல்லப்பிள்ளை. பற்றரி காலையில் இருந்து பின்னேரம் வரை நின்றது. பிறகு கதை மாறியது. 32 ஜிபியில் வின்டோஸ் இருக்க மிஞ்சிய இடம் வாங்கிய அன்றே பாதிக்கும் குறைவு. இரண்டாம் வருடம் வந்தபோது என்னுடைய பைல்கள் எல்லாம் பென் டிரைவில், லப்டொப்பில் வின்டோஸ் மட்டும். அப்டேட் வந்து இடம் கேட்கும், இடம் இருக்காது, இடைநடுவில் நிற்கும், அடுத்த நாள் திரும்பவும் கேட்கும். இரண்டு பிரவுசர் ஜன்னலும் ஒரு வேர்ட் பைலும் ஒன்றாகத் திறந்தால் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். குழு வேலைகளில் கடைசிப் பிரதியைத் தொகுக்கிற பொறுப்பு எப்பவும் வேறு ஆரிடமாவது போகும். "உன்ர லப்டொப்பில இது ஓடாது, விடு" எண்டு தோழிகள் அன்பாகத்தான் சொல்வார்கள். அது எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

திருத்துகிற கடையில் இருந்த அண்ணை அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உடனே பூட்டினார். "ரேமும் கூட்டேலாது, டிஸ்க்கும் மாத்தேலாது தங்கச்சி. எல்லாம் போர்ட்டோட ஒட்டினது. இது திருத்திறதுக்கெண்டு செய்த சாமான் இல்லை."

அவர் சொன்ன அந்தக் கடைசி வரி எனக்குள்ளே கனகாலம் கிடந்தது. திருத்துவதற்கு என்று செய்யவில்லை என்றால் எதற்காகச் செய்தார்கள்? 32 ஜிபி போதும் என்று ஆர் முடிவெடுத்தது? இந்தக் கேள்வியோடு பின்னால் போனபோது ஐம்பது வருடக் கதை ஒன்று கிடைத்தது.

1972 இல் அமெரிக்காவில் சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் இருந்த அலன் கே ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பில் இருந்ததே சிறுவர்களுக்கான கணினி என்பதுதான். டைனாபுக் என்று அவர் பெயரிட்ட அந்தக் கற்பனைக் கணினி கொப்பி அளவில் இருக்கும், இரண்டு கிலோவுக்கும் குறைவான பாரம், விலை 500 டொலர். கட்டுரையின் தொடக்கத்தில் இரண்டு பிள்ளைகள் புல்வெளியில் கிடந்தபடி அதில் விளையாடுகிறார்கள். கணினி என்றால் ஓர் அறையை நிறைத்து நிற்கிற இயந்திரம் என்றிருந்த காலம் அது. சுருக்கமாகச் சொன்னால், கைக்கணினி என்ற எண்ணம் பிறந்ததே பிள்ளைகளுக்காக, மலிவாக.

ஆனால் கடைக்கு வந்தது வேறு. 1981 இல் வந்த ஒஸ்போர்ன் 1 என்ற தூக்கிச் செல்லும் கணினி 11 கிலோ, 5 அங்குலத் திரை, 1,795 டொலர். அடுத்த இருபது வருடங்களும் லப்டொப் என்பது வியாபாரிகளும் அதிகாரிகளும் வைத்திருக்கிற பொருளாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வருடமும் வேகம் கூடியது, திரை பெரிதானது, விலை மட்டும் பெரிதாக இறங்கவில்லை. கொம்பனிகளுக்கு அதை இறக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்த நிலையை அசைத்தவர் எம்ஐரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் நெக்ரொபொன்டே. ஒரு பிள்ளைக்கு ஒரு லப்டொப், விலை 100 டொலர் என்று 2005 இல் அறிவித்தார். அதே வருடம் நவம்பரில் தூனிஸ் நகரில் ஐ.நா. செயலாளர் நாயகம் கோபி அனானோடு சேர்ந்து மாதிரியைக் காட்டினார். பச்சை நிறம், பக்கத்தில் மின்சாரத்துக்குச் சுற்றுகிற மஞ்சள் கைப்பிடி. படம் உலகம் முழுக்கப் போனது. 2007 இல் தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த எக்ஸ்ஓ கணினியில் அந்தக் கைப்பிடி இல்லை. விலையும் 100 டொலர் இல்லை, கிட்டத்தட்ட 200.

ஆனாலும் அது நல்ல இயந்திரம். வெயிலில் வாசிக்கக்கூடிய திரை. தூசியும் தண்ணீரும் உள்ளே போகாத கீபோர்ட். கழற்றி மாற்றக்கூடிய பற்றரி. 256 எம்பி ரேமும் 1 ஜிபி சேமிப்பும்தான், ஆனால் அதற்கென்றே எழுதிய லினக்ஸ் மென்பொருள் அந்த அளவுக்குள் ஓடியது. உருகுவே நாடு அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தது. பெரு நாடு எட்டு இலட்சத்துக்கும் மேல் வாங்கியது. இலங்கையிலும் சில ஆரம்பப் பாடசாலைகளுக்கு அந்தப் பச்சைக் கணினி வந்தது. நான் படித்த பாடசாலைக்கு வரவில்லை. எங்களிடம் இருந்தது துணி போர்த்திய பழைய டெஸ்க்டொப்புகளும், திறப்பை இடுப்பில் செருகி வைத்திருந்த ஒரு ரீச்சரும்.

பெருவில் என்ன நடந்தது என்று 2012 இல் ஓர் ஆய்வு வந்தது. 319 கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளைப் பார்த்தார்கள். லப்டொப் வந்த பாடசாலைகளில் கணிதப் புள்ளியும் மொழிப் புள்ளியும் கூடவில்லை. சிந்தனைத் திறன் சோதனைகளில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. இதைப் பிடித்துக்கொண்டு, ஏழைப் பிள்ளைக்கு லப்டொப் கொடுப்பதே வீண் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி இல்லாமல், திருத்த ஆள் இல்லாமல் பெட்டியை மட்டும் இறக்கினால் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான். வாங்கிக் கொடுப்பது ஒரு நாள் வேலை. அதை ஓட வைப்பது ஒவ்வொரு நாளும் வேலை.

எக்ஸ்ஓ விட்டுப்போன பெரிய மிச்சம் வேறிடத்தில் இருக்கிறது. 200 டொலருக்கு லப்டொப் செய்யலாம் என்று அது கொம்பனிகளுக்குக் காட்டிவிட்டது. தாய்வானின் ஏசுஸ் நிறுவனம் 2007 ஒக்ரோபரில் ஈ பிசி 701 ஐ விற்பனைக்கு விட்டது. 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு, ஒரு கிலோவுக்கும் குறைவான பாரம், லினக்ஸ். பள்ளிப் பிள்ளைக்கு என்று நினைத்ததைப் பெரியவர்கள் ஓடி ஓடி வாங்கினார்கள். மெயில் பார்க்க, எழுத, வாசிக்க இவ்வளவு போதும் என்று சனத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வருடம் இன்டெல் இந்த வகைக்கென்றே அட்டம் புரொசசரை விட்டது. எல்லாக் கொம்பனிகளும் நெட்புக் செய்யத் தொடங்கின.

இந்த இடத்தில்தான் என்னுடைய 32 ஜிபியின் வேர் இருக்கிறது. மைக்ரோசொஃப்டின் அன்றைய புது விஸ்டா இந்தச் சின்னக் கணினிகளில் ஓடாத அளவுக்குப் பாரம். சந்தை லினக்ஸ் பக்கம் போய்விடும் என்ற நிலை. அதனால் விற்பனையை நிறுத்துவதாக இருந்த எக்ஸ்பியை, மலிவுக் கணினிகளுக்கு மட்டும் 2010 வரை கொடுப்பதாக 2008 இல் அறிவித்தார்கள். கூடவே நிபந்தனைகள் வந்ததாகச் செய்திகள் வெளியாகின. திரை 10.2 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, ரேம் 1 ஜிபிக்கு மேல் கூடாது, ஹார்ட் டிஸ்க் 80 ஜிபிக்கு மேல் கூடாது. பிறகு அந்த அளவுகளைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2009 இல் வந்த வின்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் டெஸ்க்டொப் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. ஒரே நேரத்தில் மூன்று புரோகிராமுக்கு மேல் திறக்கக்கூடாது என்றும் முதலில் வைத்திருந்தார்கள். எதிர்ப்பு வந்து அதைக் கைவிட்டார்கள்.

இதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். 1 ஜிபி என்பது தொழில்நுட்பத்தின் எல்லை இல்லை. மலிவானது விலை கூடியதன் வியாபாரத்தைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்த வேலி. குறைந்த காசு வைத்திருப்பவருக்கு எவ்வளவு போதும் என்பதை வேறு ஆரோ, வேறு கணக்கில் முடிவெடுத்திருக்கிறார்கள்.

2010 இல் ஐபாட் வந்தது. போன்களும் பெருகின. 2012 முடிவோடு ஏசுஸும் ஏசரும் நெட்புக்கைக் கைவிட்டன. இதற்கிடையில் 2011 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்தச் செய்தியை ரிவியில் பார்த்து "இந்தியாவில பிறந்திருக்கலாம்" எண்டு நான் சொன்னதும், அதற்கு அம்மாவிடம் ஏச்சு வாங்கியதும் நல்ல ஞாபகம். அது நெட்புக் மாதிரிக் குறுக்கிய சாமான் இல்லை, சாதாரண அளவு லப்டொப். இலட்சக்கணக்கில் ஒரே ஆளாக வாங்கினால், என்ன வேண்டும் என்று சொல்லுகிற பலம் வாங்குகிறவர் கைக்கு வரும். சீட்டுக் காசோடு தனியாகக் கடைக்குப் போகிற அம்மாவுக்கு அந்தப் பலம் இல்லை.

2014 இல் மலிவு லப்டொப் திரும்ப வந்தது. கூகிளின் குரோம்புக் அமெரிக்கப் பாடசாலைகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, மலிவான கணினி செய்கிற கொம்பனிகளுக்கு வின்டோஸை இலவசமாகக் கொடுக்க மைக்ரோசொஃப்ட் முன்வந்தது. 200 டொலர் விலையைப் பிடிப்பதற்காகப் பல கொம்பனிகள் 2 ஜிபி ரேமையும் 32 ஜிபி சேமிப்பையும் போர்ட்டோடு ஒட்டி விட்டன. போன்களில் போடுகிற வகைச் சேமிப்பு அது. வாங்கிய அன்று ஓடும். ஆனால் வின்டோஸ் வருடாவருடம் வளர்ந்தது, ஒட்டிய 32 வளரவில்லை. 2019 இல் வின்டோஸ் 10 இன் குறைந்தபட்சத் தேவையே 32 ஜிபி என்று உயர்த்தினார்கள். என்னுடைய முழு டிஸ்க்கும் அவர்களுக்குக் குறைந்தபட்சம்!

2020 பங்குனியில் பாடசாலைகள் பூட்டினார்கள். தங்கச்சி அப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தவள். சூம் வகுப்பு எல்லாம் அம்மாவின் போனில்தான். நீல லப்டொப்பில் சூம் திறந்தால் ரீச்சரின் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் வெட்டி வெட்டி வரும். அன்றைக்கு நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. கணக்குப்படி எங்கட வீடும் அந்த ஒன்றுக்குள் அடங்கும். கணக்கு எடுக்கிறவர் அது ஓடுதா எண்டு கேட்பதில்லை.

2021 மார்கழியில் முதற்சம்பளங்களைச் சேர்த்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு நானாவின் கடையில் ஒரு திங்க்பாட் ரி430. 2012 ஆம் ஆண்டு மொடல். ஒன்பது வயது, 48,000 ரூபா. நான் தயங்கியதைப் பார்த்து அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்து அடிமூடியைக் கழற்றினார். "பாருங்க தங்கச்சி, ரேம் ரெண்டு இடம் இருக்கு. டிஸ்க்க ஒரு ஸ்குரூவோட கழட்டலாம். பற்றரி வெளியால. கீபோர்ட் பழுதாப்போனாலும் மாத்தலாம். ஆபீஸ்ல பாவிச்ச சாமான், அடிச்சாலும் சாகாது."

இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. திங்க்பாட்டை 1992 இல் ஐபிஎம் தொடங்கியது, 2005 இல் அந்த வியாபாரம் லெனோவோ கைக்குப் போனது. இவற்றை வாங்குகிறவர்கள் பெரிய அலுவலகங்கள். ஆயிரம் லப்டொப்பை ஒன்றாக வாங்குகிறவருக்கு ஒன்று பழுதானால் அன்றைக்கே திருத்தி வேலை நடக்க வேண்டும். அதனால்தான் கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்தார்கள். எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டையும் இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். மூன்று நான்கு வருடத்தில் அந்த அலுவலகங்கள் அவற்றைக் கழிக்கும். கழித்ததுதான் கப்பலேறி எங்களிடம் வருகிறது. ஒன்று மலிவாகச் செய்தது, மற்றது மலிவாகிப் போனது. 2017 இல் அம்மா தொடாமல் விட்ட அந்தக் கறுப்பு லப்டொப்பும் இந்த இரண்டாவது வகைதான்.

பாவித்த சாமானில் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு கிலோவுக்கும் மேல் பாரம். திரை மங்கல். பற்றரி ஒன்றரை மணித்தியாலம். வாரண்டி என்று கிடைத்தது ஒரு மாதம், அதுவும் வாய்ச்சொல். ஆனால் 7,500 ரூபாவுக்கு ஓர் எஸ்எஸ்டி போட்டதும் அது ஓடிய ஓட்டம் என்னுடைய நீலம் புதிதாக இருந்த அன்றும் ஓடியதில்லை.

மூன்று மாதம் பிந்தியிருந்தால் அதையும் வாங்கியிருக்கேலாது. 2022 பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் வைகாசியில் 360 ஐத் தொட்டது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. தாள் தட்டுப்பாட்டில் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. போட்டோ கொப்பி விலை ஏறியதும் ரியூசன் சேர்மார் நோட்ஸைப் பிடிஎஃப் ஆகப் போனுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தங்கச்சி உயர்தரத்துக்குப் படிக்கிற காலம். 300 பக்க உயிரியல் நோட்ஸை ஐந்து அங்குலப் போனில் வாசித்துக் கண் வீங்கிப்போய் இருந்தாள். ரி430 இன் பற்றரியோ கரண்ட் போய் ஒன்றரை மணித்தியாலத்தில் படுத்துவிடும்.

அப்போதுதான் அலுமாரிக்கு மேலே கிடந்த நீலத்தை எடுத்தேன். வின்டோஸை முழுக்க அழித்துவிட்டு, பாரமில்லாத ஒரு லினக்ஸைப் பென் டிரைவில் இருந்து போட்டேன். வைபை முதலில் வேலை செய்யவில்லை. போனை வயரால் இணைத்து இன்டர்நெட் எடுத்து, ஒரு பின்னேரம் முழுக்க இருந்து சரிப்படுத்தினேன். முடிந்த பிறகு பார்த்தால் 32 ஜிபியில் இருபதுக்கும் மேல் வெறுமை! பிடிஎஃப் சட்டென்று திறந்தது. தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தது. ஐந்து வருடப் பற்றரி இன்னும் ஐந்து மணித்தியாலம் நின்றது. இருட்டில் அந்த நீல லப்டொப்பின் வெளிச்சத்தில்தான் தங்கச்சி 2022 உயர்தரத்துக்குப் படித்தாள். அந்தப் பரீட்சையும் பிந்திப் பிந்தி 2023 தையில்தான் நடந்தது.

எனக்கு அதுவரை நீலத்தின் மேல் கோபம். அதைச் செய்தவர்கள் மேல் இன்னும் கோபம். அந்த இரவுகளுக்குப் பிறகு கோபத்தைக் கொஞ்சம் சரியான இடத்துக்கு மாற்றிக்கொண்டேன். அந்த இயந்திரத்துக்கு ஓடத் தெரியும். அது சுமக்கக்கூடியதைவிடப் பெரிய மூட்டையை ஏற்றி விற்றதுதான் பிழை. எக்ஸ்ஓவைச் செய்தவர்கள் பெட்டிக்கு ஏற்ற மென்பொருளை எழுதினார்கள். எனக்கு விற்ற பெட்டியில் அந்தக் கவனம் இருக்கவில்லை.

இந்தக் கதை முடியவில்லை. வின்டோஸ் 11 க்கு, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைப் புரொசசர் தொடக்கம்தான் வேண்டும் என்றார்கள். வின்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. கை கால் எல்லாம் நன்றாக இருக்கிற எத்தனையோ லப்டொப்புகள் ஒரே நாளில் 'பழசு' ஆகின. அவை இனி எங்கட கடைகளுக்கு மலிவாக வரும். வாங்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு, என்னுடைய 38,500 ரூபாவில் படித்ததைச் சொல்கிறேன்.

பெட்டியின் பளபளப்பை விடுங்கள். ரேமும் டிஸ்க்கும் மாற்றலாமா, ஒட்டியதா என்று முதலில் கேளுங்கள். ஒட்டியது என்றால் 8 ஜிபி ரேமுக்குக் குறைய வாங்க வேண்டாம். 64 ஜிபிக்குக் குறைந்த சேமிப்போடு வின்டோஸ் வருமானால் திரும்பி நடவுங்கள். பாவித்தது என்றால் கடையிலேயே அரை மணித்தியாலம் ஓடவிட்டு, ஒவ்வொரு கீயையும் அழுத்தி, மூடியைப் பத்துத் தரம் திறந்து மூடிப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிப் பற்றரி எப்படி இறங்குது எண்டும் பாருங்கள். பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள், களவுச் சாமான்களும் சந்தையில் சுத்துது. ஏற்கெனவே வீட்டில் ஒரு 32 ஜிபி கிடந்தால் எறிய வேண்டாம். லினக்ஸ் தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடியுங்கள்.

தங்கச்சி இப்ப கம்பஸில். ரி430 அவளோடு ஹொஸ்டலில் இருக்கிறது. போன வருடம் பற்றரி மாற்றினோம், ஸ்குரூ கூடக் கழற்ற வேண்டி வரவில்லை. நீலம் வீட்டில்தான். பின்னேரங்களில் பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து அதில் புலமைப்பரிசில் பழைய வினாத்தாள்கள் செய்கிறான். அம்மா அவனுக்குப் பக்கத்தில் இருந்து மரக்கறி வெட்டுறா. "பாத்தியா, நான் அண்டைக்கே புதுசு வாங்கினபடியாத்தான் இண்டைக்கும் ஓடுது" எண்டு போன கிழமையும் சொன்னா. நான் ஒண்டும் சொல்லேல்ல.